கிழிந்த கொடிக்கான செலவு, கம்பம் நடும் அன்றே முடிவாகிவிடுகிறது

கேள்வி இதுதான்: வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்துபோகும் தேசியக் கொடிகளையும் ராணுவக் கொடிகளையும் மாற்றுவதற்கு அரசாங்கங்கள் வருஷா வருஷம் பொதுப்பணத்தைச் செலவழிக்கின்றன. இது தேவைதானா? துவைத்து, ஓரம் தைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட முடியாதா?

கிழிந்த கொடியை மாற்றுவது வீண் செலவு இல்லை. பெரும்பாலான நாடுகளில் அது கட்டாயமும்கூட. ஆனால் எவ்வளவு செலவாகும் என்பது கொடி கிழியும் நாளில் முடிவாவதில்லை. எவ்வளவு உயரக் கம்பம், எவ்வளவு பெரிய துணி, பகலில் மட்டுமா இரவிலுமா என்று முடிவெடுத்த நாளிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் அந்த முடிவுக்குத் தவணை கட்டுகிறார்கள், அவ்வளவுதான். இதை விளக்க, கொடி எப்படிக் கிழிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இறக்கிய பழைய கொடி ஒன்றை மேஜைமேல் விரித்துப் பாருங்கள். கம்பத்தை ஒட்டிய பக்கம், கயிறு நுழைகிற தடித்த துணிப்பட்டி, அநேகமாகக் கடையில் வாங்கியபடியே இருக்கும். எதிர்ப்பக்க ஓரம்தான் நாராகத் தொங்கும். முதலில் போவது அந்த ஓரத்தின் மூலைகளில் உள்ள மடிப்புத் தையல். தையல் விட்டதும் குறுக்கு இழைகள் ஒவ்வொன்றாக உதிரும், நெடுக்கு இழைகள் மட்டும் சடைசடையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு நல்ல காற்று நாளில் கிழிசல் உள்ளே ஓடிவிடும். சாட்டையைச் சொடுக்கும்போது நுனி மட்டும் எப்படி வேகமாக அடிக்கிறதோ, அதே மாதிரிதான் இதுவும். கொடியின் நடுப்பகுதி அலைபோல நெளிகிறது, அலை ஓரத்துக்கு வந்து சேரும்போது துணி படீர் படீர் என்று அடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க இப்படி அடி வாங்கும் ஓரம் எத்தனை நாள் தாங்கும்?

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் துணிமேல் விசை நான்கு மடங்கு. அதனால் சாதாரண நாள்களில் மாதக்கணக்கில் தாங்கிய கொடி, ஒரே ஒரு புயல் இரவில் முடிந்துவிடும். இன்னொரு பக்கம் வெயில் சாயத்தைத் தின்கிறது, இழையையும் பலவீனமாக்குகிறது. மழையில் நனைந்த துணி கனமாகி, அதே அடியை இன்னும் பலமாக வாங்குகிறது. நகரங்களில் புகை, கடற்கரையில் உப்பு. பகலில் மட்டும் ஏற்றி, மோசமான வானிலையில் இறக்கிவிடும் சாதாரண நைலான் கொடிக்கு ஏறத்தாழ 90 நாள் ஆயுள் என்று கொடித் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இரவு பகலாகப் பறக்கவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. காற்று எந்நேரமும் வீசும் இடத்தில் சில வாரங்களிலேயே போய்விடும்.

சரி, தைத்து ஓட்ட முடியாதா? முடியும், ஓரளவுக்கு. நாரான ஓரத்தை இரண்டு மூன்று விரல்கடை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைப்பது பழைய உத்திதான். அமெரிக்காவில் இதைச் சகஜமாகச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் கொடியின் நீளம் குறைகிறது. இந்தியக் கொடிக்கு நீளமும் உயரமும் 3:2 என்று விதி கட்டிப்போட்டிருக்கிறது. நாலு தடவை ஓரம் வெட்டிய கொடி கண்ணுக்கே குட்டையாகத் தெரியும், நடுவில் இருக்க வேண்டிய சக்கரமும் நடுவில் இருக்காது. போதாததற்கு, வெளுத்த கொடியைத் தையல் ஒன்றும் செய்யாது. காவி வெளிறி மஞ்சளாகிவிட்ட கொடியைத் துவைத்து என்ன பயன்? துவைப்பது தூசியையும் கரியையும் எடுத்து ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவராது.

மேலும் சட்டம் அதிக இடம் கொடுப்பதில்லை. இந்தியாவில் 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த கொடிச் சட்டத் தொகுப்பு, சேதமான அல்லது அலங்கோலமான கொடியை ஏற்றக் கூடாது என்கிறது. பழுதான கொடியைக் குப்பையில் வீசக் கூடாது, தனியிடத்தில் முழுமையாக, முடிந்தால் எரித்து, கண்ணியமாக அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்கக் கொடிச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே கருத்துதான்: காட்சிக்கு ஏற்ற நிலையில் இல்லாத கொடியைக் கண்ணியமான முறையில், எரிப்பது விரும்பத்தக்கது என்ற குறிப்போடு, அழிக்கச் சொல்கிறது. பிரேசில் 1971-இல் போட்ட சட்டத்தில் இன்னும் ஒரு படி போய், நைந்த கொடிகளை ஏதாவதொரு ராணுவப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும், அங்கே கொடி நாளான நவம்பர் 19 அன்று அவை எரிக்கப்படும் என்று நாளையே குறித்துவிட்டார்கள். ஆக, ஏற்றுவது என்று முடிவு செய்த பிறகு மாற்றுவது என்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை.

இந்திய, அமெரிக்க விதிகளுக்கு இடையே ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது, செலவைப் பற்றிப் பேசும்போது அது பெரிய வேறுபாடு. எல்லா வானிலைக்கும் ஏற்ற கொடியாக இருந்தாலொழிய மோசமான வானிலையில் ஏற்ற வேண்டாம் என்கிறது அமெரிக்க விதி. நம்முடையதோ, கொடி பறக்கும் வழக்கமுள்ள அரசுக் கட்டடத்தில் ஞாயிறு, விடுமுறை உட்பட எல்லா நாளும், சூரிய உதயம் முதல் மறைவு வரை, வானிலை எப்படியிருந்தாலும் பறக்க வேண்டும் என்கிறது. ஆனி ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் பறந்தே ஆகவேண்டிய துணி அது. கையிருப்புக் கணக்குப் போடுகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொடி சீக்கிரம் கிழியும் என்பது ராணுவங்களுக்குப் புதுசு இல்லை. அவர்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி, ஒரே கம்பத்துக்குப் பல அளவுக் கொடிகள். அமெரிக்கத் தரைப்படையில் இன்றும் மூன்று அளவு உண்டு. விசேஷ நாள்களுக்கு 20 அடிக்கு 38 அடி. சாதாரண நாள்களுக்குச் சுமார் 9 அடிக்கு 17 அடி. காற்று மழை நாள்களுக்கு 5 அடிக்கு 9.5 அடி, இதற்குப் பெயரே புயல் கொடி. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு விசேஷ நாள் கொடிக்கு ஆகும் துணியில் 16 புயல் கொடி தைக்கலாம். கிழியப்போகும் நாளில் சின்னக் கொடியை ஏற்று, பார்க்க ஆள் வரும் நாளில் பெரியதை ஏற்று. சிக்கனத்தையும் கௌரவத்தையும் ஒன்றாகக் காப்பாற்றிய ஏற்பாடு இது.

இந்த வழக்கத்துக்கு வயசு இருநூறுக்கு மேல். 1813-இல் பால்டிமோர் நகரின் மெக்கென்றி கோட்டைத் தளபதி ஜார்ஜ் ஆர்மிஸ்டெட், மேரி பிக்கர்ஸ்கில் என்ற கொடி தைக்கும் பெண்மணியிடம் இரண்டு கொடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். பெரியது 30 அடிக்கு 42 அடி, கூலியும் துணியும் சேர்த்து 405 டாலர் 90 சென்ட். சின்னது 17 அடிக்கு 25 அடி, 168 டாலர் 54 சென்ட். அடுத்த வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்கள் கோட்டையை இரவு முழுக்கக் குண்டுவீசித் தாக்கியபோது மழை கொட்டியது. அந்த இரவில் பறந்தது சின்னக் கொடியாகத்தான் இருக்கும், விடிந்ததும்தான் பெரியதை ஏற்றினார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மழையில் நனைந்த சின்னக் கொடி காலத்தில் காணாமல் போய்விட்டது. பெரியது இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1914-இல் அதைக் காப்பாற்றுவதற்காகப் பின்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்தார்கள். 1998-க்குப் பிறகு அதே லினனைப் பிரிக்க 17 லட்சம் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கொடியைப் புதிதாகத் தைப்பதைவிடப் பழையதைக் காப்பது எத்தனை மடங்கு செலவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எரித்துவிடு என்று சட்டங்கள் சொல்வதில் நடைமுறை ஞானமும் இருக்கிறது.

இப்போது இந்தியாவின் ராட்சதக் கம்பங்களுக்கு வருவோம். செலவைப் பற்றிய வாக்குவாதம் அதிகம் நடப்பது இங்கேதான்.

இந்தியத் தர அமைப்பு அங்கீகரித்த கொடி அளவுகள் ஒன்பது. மிகச் சிறியது 150 மில்லிமீட்டருக்கு 100, மேஜைமேல் வைப்பது. மிகப் பெரியது 6,300 மில்லிமீட்டருக்கு 4,200, அதாவது சுமார் 285 சதுர அடி. பெரிய அரசு மாளிகைகளுக்கே இது போதும் என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். 2009-இல் உள்துறை அமைச்சகம், 100 அடியும் அதற்கு மேலும் உயரமான கம்பங்களில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று அனுமதி தந்தது. அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன: போதிய வெளிச்சம் வேண்டும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும், இயற்கையின் சீற்றத்தால் கொடி சேதமானால் உடனே மாற்ற வேண்டும். கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்கள். கம்பம் நிற்கும் காலம் வரைக்கும் கொடி வாங்கிக்கொண்டே இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது.

அப்புறம் உயரப் போட்டி தொடங்கியது. டெல்லி கன்னாட் பிளேஸில் 207 அடி, ஹைதராபாத் ஹுசைன்சாகர் ஏரிக்கரையில் 291 அடி, ராஞ்சி மலைக்கோயிலில் 293 அடி. 2017 மார்ச்சில் அட்டாரி எல்லையில் 360 அடிக் கம்பம் சுமார் மூன்றரைக் கோடி ரூபாயில் எழுந்தது. அதில் ஏறிய கொடி 120 அடிக்கு 80 அடி, அதாவது 9,600 சதுர அடி. தர அமைப்பின் மிகப் பெரிய கொடியைப்போல 33 மடங்குக்கு மேல். தரையைவிட உயரத்தில் காற்று பலம் என்பது பட்டம் விட்ட எந்தப் பையனுக்கும் தெரியும். ஏற்றி ஒரு மாதத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடி கிழிந்தது. ஒவ்வொரு கொடியும் லட்ச ரூபாய்க்கு மேல். பிறகு சில காலம் அது வெறுங்கம்பமாகவே நின்றது. ராஞ்சியிலும் ஹைதராபாத்திலும் இதே கதை நடந்தது. அட்டாரியில் 2023-இல் இன்னும் உயரமாக, 418 அடிக்கு ஒரு கம்பம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெல்லி அரசு 2021-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நகரமெங்கும் 500 உயரக் கம்பங்கள் நட 45 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. கம்பத்துக்கு ஒன்பது லட்சம் என்று வருகிறது. இங்கே நான் கேட்பது ஒரு சாதாரணக் கேள்விதான். ஐநூறு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் இரவு பகலாகப் பறக்கும் துணி, சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால்கூட வருஷத்துக்கு 3,000 கொடிகள். இந்த எண்ணிக்கை எந்தப் பட்ஜெட் உரையின் கைதட்டலுக்குள்ளும் வருவதில்லை. கம்பம் மூலதனச் செலவு, அதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மாற்றுக் கொடி பராமரிப்புச் செலவு, அதற்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டமாட்டார்.

நானே அருகிலிருந்து பார்த்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன், அலுவலகம் எது என்பது வேண்டாம். நூறடிக் கம்பம் நட்டார்கள். விலைப்புள்ளியில் கம்பம், அஸ்திவாரம், மோட்டார், விளக்குகள், ஒரே ஒரு கொடி. மாற்றுக் கொடி என்று ஒரு வரிகூட இல்லை. ஓரம் நாராகத் தொங்க ஆரம்பித்ததும் யாரோ படம் எடுத்துப் புகார் அனுப்பினார்கள். கொடியை இறக்கிவிட்டார்கள், அதுவரை சரி. புதுக் கொடியை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குவது என்று கட்டடப் பிரிவும் பொதுப் பிரிவும் குறிப்பு எழுதிக்கொண்டன. ஒருவர் "நுகர்பொருள்" என்றார், இன்னொருவர் "சாதனம்" என்று வாதாடினார். கடைசியில் கொடி வந்து சேர்ந்தபோது மோட்டார் துருப்பிடித்து நின்றிருந்தது, உச்சியில் கப்பியும் சிக்கிக்கொண்டது. மேலே ஏறிச் சரிசெய்ய இயந்திர ஏணி வாடகைக்கு எடுத்தார்கள். அந்த ஒரு நாள் வாடகை கொடியின் விலையைத் தாண்டியது. கோப்பின் முகப்பில் "கொடி மாற்றும் செலவு" என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் அதில் துணிக்குப் போன பணம் பாதிகூட இல்லை.

இதைத் திட்டமிட்டுச் செய்யவே முடியாதா என்றால், முடியும். பிரேசிலியாவின் மூன்று அதிகாரங்கள் சதுக்கத்தில் 100 மீட்டர்க் கம்பத்தில் 286 சதுர மீட்டர் கொடி ஓயாமல் பறக்கிறது. அங்கே கிழிந்த பிறகு மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விழாவாக மாற்ற வேண்டும், புதுக் கொடி உச்சியைத் தொட்ட பிறகே பழையது இறங்கத் தொடங்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முப்படைகளும் தலைநகர மாவட்ட அரசும் முறைவைத்து அந்த விழாவை நடத்துகின்றன. வருஷத்துக்கு 12 கொடி என்று யாரும் கணக்கிட்டுவிடலாம், பார்க்கக் கூட்டமும் வருகிறது. செலவு குறைவு என்று சொல்லவில்லை, இத்தனை பெரிய கொடிக்கு ஆகிற செலவு ஆகத்தான் செய்யும். ஆனால் அதை ஒளித்துவைக்கவில்லை.

கனடாவின் வழி இன்னும் சுவாரசியமானது. ஒட்டாவா நாடாளுமன்றத்தின் அமைதிக் கோபுரக் கொடியை வாரநாள்களில் தினமும் மாற்றுகிறார்கள். ஒரு நாள் பறந்த கொடி கிழிந்திருக்காது, வெளுத்திருக்காது. அதைக் கேட்டு விண்ணப்பித்த குடிமக்களுக்கு இலவசமாக அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்தான், ஆனாலும் காத்திருப்போர் பட்டியல் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இன்று பெயர் கொடுப்பவர் பேரனுக்காகத்தான் கொடுக்கிறார். அதனால் அந்தச் செலவைப் பராமரிப்பு என்று எழுதுவதா, அன்பளிப்பு என்று எழுதுவதா என்பதே ஒரு கேள்வி.

படைப்பிரிவுகளின் கொடிகள் முற்றிலும் வேறு ஜாதி. கட்டடத்தின்மேல் பறக்கும் கொடியையும் இவற்றையும் ஒரே தராசில் வைப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். பட்டுத்துணியில் கையால் பூவேலை செய்து, படைப்பிரிவு சண்டையிட்ட களங்களின் பெயர்களைத் தைத்து, குடியரசுத் தலைவர் அல்லது அரசர் பெயரால் சடங்கோடு வழங்கப்படும் கொடி இது. இந்தியாவில் நிஷான் என்பார்கள். காவல்துறைக்கும் இது உண்டு. தமிழ்நாடு காவல்துறைக்குக் குடியரசுத் தலைவர் கொடி 2022 ஜூலையில் சென்னையில் வழங்கப்பட்டது. இவை தினமும் வெயிலில் காய்வதில்லை, அணிவகுப்புக்கு வெளியே வந்து மறுபடி உறைக்குள் போய்விடும். பிரிட்டனில் ஒரு கொடி 20 முதல் 25 ஆண்டு ஓடும். ஒன்றைச் செய்வதற்கே மாதக்கணக்கில் கைவேலை என்பதால் விலை அதிகம், ஆனால் அந்த விலையைக் கால் நூற்றாண்டால் வகுத்தால் உயரக் கம்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்று கிழியும் துணியோடு போட்டி போடாது.

அதற்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், ஒரு காலத்தில் அதுதான் களத்தின் நடுவில் வீரர்கள் ஒன்று சேரும் அடையாளம். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஈசாண்டில்வானா போரில் பிரிட்டனின் 24-ஆம் படைப்பிரிவு பேரழிவைச் சந்தித்தபோது, ஒரு கொடியைக் காப்பாற்ற முயன்று இரண்டு அதிகாரிகள் உயிரை விட்டார்கள். கொடி பிறகு ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது, இன்று வேல்ஸில் பிரெக்கன் பேராலயத்தில் இருக்கிறது. 1881-க்குப் பிறகு பிரிட்டிஷ் படைகள் கொடியைப் போர்க்களத்துக்கு எடுத்துப்போவதையே நிறுத்திவிட்டன. ஓய்வு பெற்ற கொடிகளைத் தேவாலயங்களில் தொங்கவிட்டு அவை தாமாக இற்றுப்போக விடுவது அங்கே வழக்கம். இந்தியாவில் குடியரசான ஆண்டு முடிவதற்குள், அரசர் பெயரில் வழங்கப்பட்ட பழைய கொடிகளை டேராடூன் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் வைத்து விடைகொடுத்தார்கள். கிழியாத கொடிகள்தான் அவை, ஆனால் ஆட்சி மாறிவிட்டது.

செலவைப் பற்றிப் பேசும்போது அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு வகை இது: துணி நன்றாக இருக்கும்போதே, சின்னம் மாறிவிட்டதால் மாற்றுவது. நம் கடற்படைக் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் பிரிட்டிஷ் காலத்துச் சிவப்புச் சிலுவையை எடுத்துவிட்டு நீல இலச்சினை வைத்தார்கள். கடலின் நீலத்திலும் வானத்தின் நீலத்திலும் அது கரைந்துபோகிறது என்று புகார் வந்ததால் 2004-இல் சிலுவை திரும்பியது. 2014-இல் சத்யமேவ ஜயதே சேர்ந்தது. 2022 செப்டம்பரில் கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் இணைந்த அன்று முற்றிலும் புதிய வடிவம் வந்தது. இருபத்தோரு ஆண்டில் நான்கு மாற்றம், ஒவ்வொரு தடவையும் எல்லாக் கப்பலிலும் எல்லாத் தளத்திலும் எல்லா அளவிலும் புதுக் கொடி. அடிமைக்கால அடையாளம் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2001-இலேயே கடலில் நாலு நாள் பறக்கவிட்டுப் பார்த்திருந்தால் நீலப் பிரச்சினை அப்போதே தெரிந்திருக்கும்.

மலாவி நாட்டில் 2010-இல் கொடியின் உதயசூரியனை முழுச்சூரியனாக மாற்றினார்கள், 2012-இல் புது ஜனாதிபதி வந்ததும் பழைய கொடியே திரும்பியது. இரண்டே ஆண்டில் இரண்டு தடவை நாடு முழுக்கக் கொடி மாற்றம். நியூசிலாந்தில் 2015-16-இல் இரண்டு கட்ட வாக்கெடுப்பு நடத்தினார்கள், சுமார் 2.6 கோடி நியூசிலாந்து டாலர் அதற்கு ஒதுக்கப்பட்டது, கடைசியில் மக்கள் பழைய கொடியையே வைத்துக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறாக, எலிசபெத் அரசி 2022-இல் மறைந்தபோது பிரிட்டன் பொறுமையாக நடந்துகொண்டது. அரசியின் கொடி என்ற பெயர் அரசரின் கொடி என்று உடனே மாறியது, துணி மட்டும் மாறவில்லை. அரசியின் முத்திரை தைத்த கொடிகள் அவற்றின் ஆயுள் முடியும் வரை ஓடட்டும், பிறகு வருவதில் புது முத்திரை வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெயரை மாற்றச் செலவில்லை, பட்டுத்துணியை மாற்றத்தான் செலவு.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் தேசியக் கொடி நீண்ட காலம் கையால் நூற்று நெய்த கதரில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஹுப்பள்ளி பெங்கேரியில் உள்ள கர்நாடக கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு தர அமைப்பின் சான்றோடு கொடி தைத்து நாடு முழுக்க அனுப்பியது. இழையின் எண்ணிக்கை, நிறம் வெளுக்காத தன்மை, துணியின் வலு, சக்கரத்தின் இடம், தையலின் நெருக்கம் என்று எல்லாமே சோதனைக்கு உட்பட்டவை. கம்பத்தை ஒட்டிய பட்டிக்கு என்றே தனியாகத் தடித்த கதர் நெய்கிறார்கள், முன்னே சொன்ன கெடாத பக்கம் அதுதான். 2021 டிசம்பர் 30-இல் விதியைத் திருத்திப் பாலியெஸ்டரையும் இயந்திரத்தில் நெய்ததையும் அனுமதித்தார்கள். கொள்முதல் செய்கிறவர் பார்வையில் பாலியெஸ்டர் மலிவு, இலேசு, திறந்த வெளியில் அதிக நாள் தாங்கும். நூற்பவர் பார்வையில் கதர்க் கொடிக்குக் கொடுத்த கூடுதல் விலை ஒரு கிராமத்தின் கூலி. அலுவலகக் கட்டடங்களுக்குக் கதர், ராட்சதக் கம்பங்களுக்குச் செயற்கை இழை என்பது என் கட்சி. 9,600 சதுர அடிக் கதர் மழையில் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவும் வேறு வழியில் இதே முடிச்சை அவிழ்த்தது: மத்திய அரசு வாங்கும் தேசியக் கொடிகள் முழுக்க உள்நாட்டில் தயாரானவையாகவே இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டம் போட்டுவிட்டது. மலிவு மட்டும்தான் குறி என்றால் அங்கேயும் இறக்குமதிதான் ஜெயித்திருக்கும்.

பாலியெஸ்டருக்கு ஒரு சங்கடமும் உண்டு. கண்ணியமாக எரி என்கிறது விதி. கதர் சாம்பலாகும், செயற்கை இழை உருகிக் கட்டியாகிக் கரும்புகை விடும். 2022-இல் வீட்டுக்கு வீடு மூவர்ணம் இயக்கத்தில் அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்கு விற்ற கொடிகள் கோடிக்கணக்கில் பறந்தன. அதே ஆண்டு ஜூலையில் வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம் என்று விதி தளர்ந்தது. நிறைய கொடிகள் ஆகஸ்ட் 15 தாண்டியும் மொட்டைமாடியிலேயே வெளுத்தன. பழைய கொடியை எங்கே கொடுப்பது என்பது விற்கிற இடத்திலேயே எழுதி ஒட்ட வேண்டிய விஷயம். அதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை.

எல்லாக் கொடியும் எரியத்தான் வேண்டும் என்றும் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 காலை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஏறிய கொடி அதே கோட்டையின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அது மங்கியிருப்பதால் யாரும் மாற்றச் சொல்வதில்லை.

உங்கள் ஊர் நிர்வாகம் கொடிக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க நினைத்தால், "கொடி மாற்றிய செலவு எவ்வளவு" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வரியில் பதில் வரும், ஒன்றும் புரியாது. கம்பம் எத்தனை, உயரம் என்ன, கொடியின் அளவு என்ன, போன மூன்று நிதியாண்டில் எத்தனை கொடி வாங்கினீர்கள், கொடியின் விலை தனியாக எவ்வளவு, ஏற்றி இறக்கும் இயந்திரத்துக்கும் ஏணி வாடகைக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனியாக எவ்வளவு, கொடி இல்லாமல் கம்பம் எத்தனை நாள் நின்றது என்று பிரித்துக் கேளுங்கள். முக்கியமாக, கம்பத்துக்கு நிர்வாக ஒப்புதல் தந்த உத்தரவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மாற்றுக் கொடிக்கு அதில் ஒரு வரி இருந்தால் அது நல்ல அலுவலகம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அந்த வரி இல்லை.